வில்கமுவவின் நீர்க்கரை வழிகள்: தேசப்படமும் ஆற்றுப்படையும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையில், மகாவலி கங்கையின் இடதுகரையை ஒட்டி அமைந்த பிரதேச செயலகப் பிரிவு வில்கமுவ ஆகும். ஆற்றுக்கு அப்பால் பதுளை மாவட்டமும், தெற்கே கண்டி மாவட்டத்து மினிப்பேயும், மேற்கே லக்கல மலைச்சாரலும் அதன் பின்னே நக்கிள்ஸ் மலைத்தொடரும், வடக்கே வஸ்கமுவ தேசிய பூங்காவின் காடுகளும் இதனைச் சூழ்ந்துள்ளன. யானைகளைக் காண விழைவோரும், மலையேறுவோரும், மொரகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்களின் கரைகளைக் காண வருவோரும் இன்று இப்பகுதியை நாடி வருகின்றனர். அவர்களுள் தமிழ் பேசுவோர் தொகையும் சிறிதன்று. அவர்தம் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு தேசப்படம். அது தாளில் அச்சிடப்பட்டதாகவோ கைத்தொலைபேசியின் திரையில் விரிவதாகவோ இருக்கலாம்.

தேசப்படம் ஓர் இடம் எங்கே உள்ளது என்பதைச் செவ்வனே கூறும். அவ்விடத்துக்கு எப்பொழுது செல்லலாம், எப்பொழுது செல்லலாகாது, அங்குச் செல்லும் வழி யாருடையது, வழியில் யாரைக் கேட்டறிதல் வேண்டும் என்பனவற்றைப் பெரும்பாலும் அது கூறுவதில்லை. வில்கமுவ போன்ற ஒரு நிலப்பகுதியில் இவ்வினாக்களுக்கான விடையே பயணியின் உயிரைக் காப்பது. தமிழ் இலக்கிய மரபில் இவற்றுக்கு விடை கூறும் நூல்வகை ஒன்று பண்டே தோன்றியுள்ளது. அதுவே ஆற்றுப்படை. இவ்விரு வகை அறிவையும் வில்கமுவவின் நிலத்தோடு பொருத்தி நோக்கி, தமிழ்ப் பயணிகளுக்கான வழிநூல் ஒன்று எவ்வாறு அமைதல் வேண்டும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. கண்டி மேட்டுநிலத்திலிருந்து இறங்கிய அவ்வாறு வடக்கு நோக்கித் திரும்பிச் சமநிலத்தில் அகன்று ஓடத் தொடங்கும் பகுதியிலேயே வில்கமுவ அமைந்துள்ளது. மினிப்பே அணைக்கட்டிலிருந்து புறப்படும் இடதுகரைக் கால்வாய் ஹசலக்க, வில்கமுவ ஆகிய பகுதிகளின் வயல்களுக்கு நீர் தருகின்றது. மேற்கே மகாவலியின் கிளையாறாகிய அம்பன் கங்கை ஓடுகின்றது. இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலமே வஸ்கமுவ.

இந்நிலம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. நக்கிள்ஸ் மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து நிறுத்துவதால், மே மாதம் முதல் செத்தெம்பர் வரை மலையின் மேற்குப்புறம் மழையில் நனைந்திருக்க, கிழக்குப்புறம் வறண்டு கிடக்கும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே வில்கமுவவுக்குப் பெருமழை கிடைக்கின்றது. எனவே ஒரே நாளில் ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் கணவாய் கடந்து, இலுக்கும்புர வழியாக ஹெட்டிபொலவை அடையும் பயணி, ஈரக்காட்டின் அட்டைக்கடியையும் வறள்நிலத்தின் வெம்மையையும் சில மணி நேரத்துக்குள் காண்பான். ஒரே வழியில் இரு வேறு பருவங்கள் நிலவும் இத்தன்மை இப்பகுதிக்குரிய முதற் சிறப்பியல்பாகும்.

தேசப்படங்கள் உருவான வகை

கண்டி இராச்சியக் காலத்தில் இம்மலைநாட்டு வழிகள் வேண்டுமென்றே மறைத்து வைக்கப்பட்டிருந்தன. 1660இல் கொட்டியாரத்திற் பிடிபட்டு, 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடிய ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் இதனை விளக்கியுள்ளார். காடே அரசனுக்கு அரணாக விளங்கியது. பாதைகளை அகலமாக்க இடமளிக்கப்படவில்லை. வழிகளின் வாயில்களில் முட்கதவுகள் இடப்பட்டுக் காவல் வைக்கப்பட்டிருந்தது. வழியை அறிந்தவன் நாட்டையே அறிந்தவன் ஆதலின், வழியறிவு அரசியற் பொருளாகப் பேணப்பட்டது. நொக்ஸின் நூலில் இத்தீவின் தேசப்படம் ஒன்றும் இடம்பெற்றமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தப்பியவன் கொண்டுவந்த செய்தி படமாக வரையப்பட்டுப் பிறநாட்டார் கையிற் சேர்ந்தது.

பிரித்தானியர் கரையோரத்தைக் கைப்பற்றிய சில ஆண்டுகளில், 1800ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், தேசாதிபதி பிரெடரிக் நோர்த் நில அளவைத் திணைக்களத்தைத் தொடக்கினார். 1897இல் தொடங்கப்பெற்ற இடவிளக்க அளவை, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவுத்திட்டத்தில் 72 தாள்களாக நாடு முழுவதையும் படமாக்கி 1924இல் நிறைவெய்தியது. பின்னர் மீற்றர் முறைக்கு மாறியபொழுது, ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவுத்திட்டத்தில் 92 தாள்கள் வெளியிடப்பட்டன. இன்றும் நக்கிள்ஸ் மலையேறுவோர் பலர் நம்பிக்கை வைப்பது இத்தாள்களிலேயே.

ஓரங்குலப் படங்களின் பெரும்பயன் ஒன்று குறிப்பிடத்தக்கது. அவை வழக்கிலிருந்த பாதைகளையும் ஊர்களையும் காட்டியதோடு, கைவிடப்பட்ட குளங்களையும் உடைந்த அணைகளையும் குறித்தன. நில அளவையாளராகிய ஆர். எல். புரோகியர் 1934, 1935ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட பழைய நீர்ப்பாசன வேலைகள் பற்றிய ஆய்வு இத்தகைய அளவைப் பணியின் அடியாகப் பிறந்ததேயாகும். அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்து மின்னேரி, கந்தளாய் முதலிய குளங்களை நோக்கி நீரைச் செலுத்திய கால்வாய்த் தொகுதியின் முழு உருவத்தை அறிவதற்குத் தேசப்படங்கள் பெரிதும் உதவின. வஸ்கமுவக் காட்டினுள்ளும் மலகமுவ, வில்மிட்டிய, தஸ்தொட்ட ஆகிய குளங்களின் எச்சங்கள் உள்ளன. துட்டகைமுனுவின் படைகளும் எல்லாளனின் படைகளும் பொருத இடமெனச் செவிவழி மரபு கூறும் யுதங்கனாபிட்டியவும் இக்காட்டினுள்ளேயே உள்ளது. அளவையாளன் கண்டு குறித்ததையும் செவிவழி வந்ததையும் வேறு வேறு குறியீடுகளாற் காட்டுதல் நல்ல வழிநூலின் கடமையாகும்.

நீலக்கோட்டின் பொருள்

நீர்த்தேக்கமொன்றைத் தேசப்படத்தில் நீல வண்ணத்தாற் காட்டுவர். அதன் விளிம்புக் கோடு பொதுவாக முழு நீர்மட்டத்தைக் குறிப்பதாகும். அதாவது, நீர்த்தேக்கம் நிறைந்திருக்கும்பொழுது நீர் எட்டும் எல்லையே அது. இயற்கை ஏரியின் கரை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஓரிடத்தில் நிற்க, பாசனத்துக்கும் மின்னாக்கத்துக்கும் நீர் வழங்கும் தேக்கத்தின் கரையோ மாதந்தோறும் நகரும். வறட்சிக் காலத்தில் அந்நீலக் கோட்டுக்கும் உண்மையான நீர்விளிம்புக்கும் இடையே பரந்த சேற்றுநிலம் வெளிப்படும். மேலே காய்ந்து வெடித்துத் தோன்றினும் உள்ளே ஈரம் மாறாத அச்சேற்றில் இறங்குவோர் கால் புதைந்து இடர்ப்படுவர். வெளிப்பட்ட அந்நிலத்தில் இளம்புல் முளைக்கும். புல்லை நாடி யானைகள் வரும். ஆகவே படத்தில் ஒரு கோடாகத் தோன்றுவது நிலத்தில் ஒரு வலயமாகும்.

மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் இறுதிப் பெரும்பணிகளுள் ஒன்றாகிய மொரகஹகந்தத் திட்டம் 2007இல் தொடக்கிவைக்கப்பட்டது. அம்பன் கங்கைக்குக் குறுக்கே அமைந்த அத்தேக்கம் ஏறத்தாழ 570 மில்லியன் கனமீற்றர் நீரைக் கொள்ளத்தக்கது, பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் பெயரையும் அது தாங்கியுள்ளது. அதனோடு இணைந்த களு கங்கைத் தேக்கம் ஏறத்தாழ 248 மில்லியன் கனமீற்றர் கொள்ளளவுடையது. 2017, 2018ஆம் ஆண்டுகளில் இவை நிரம்பியபொழுது, பழைய லக்கல பல்லேகம நகரும் பல வயல்களும் நீருள் மூழ்கின. மக்கள் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். பல்லேகமவுக்கு மாற்றாகப் புதிய நகரொன்று எழுந்தது.

இம்மாற்றத்தால் விளைந்த இடர் இருவகைத்து. முதலாவது, 2017க்கு முற்பட்ட எந்தத் தேசப்படமும் இப்பகுதியில் வழிகாட்ட வல்லதன்று. அதில் வீதியாகக் காணப்படுவது இன்று நீராக இருக்கலாம். இரண்டாவது, புதிய படங்களிற் பழைய ஊர்களின் பெயர்கள் மறைந்துபோகலாம். ஆயின் அவ்வூர்களிற் பிறந்து வளர்ந்தோர் இன்னும் வாழ்கின்றனர். தமக்குள் பேசும்போது பழைய பெயர்களையே எடுத்தாள்கின்றனர். நீரின் கீழுள்ள ஊர்ப்பெயர்களைச் சாய்வெழுத்திலேனும் குறித்துவைக்கும் படம், வழி கேட்கும் பயணிக்கும் வழி சொல்லும் முதியவருக்கும் இடையே ஒரு பொதுமொழியை ஆக்கித் தரும்.

நிலம் ஒரு பகலுக்குள்ளும் மாறலாம். 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வீசிய டித்வா புயல் மத்திய மலைநாட்டில் விளைத்த மண்சரிவுகளும் வெள்ளமும் பாதைகளையும் பாலங்களையும் அழித்துச் சென்றன. எனவே படத்தின் தலைப்பில் அளவுத்திட்டம் எவ்வளவு இன்றியமையாததோ, அது எந்த ஆண்டு எந்த மாதத்தில் நேரிற் சென்று சரிபார்க்கப்பட்டது என்னும் குறிப்பும் அவ்வளவு இன்றியமையாததாகும்.

யானையின் வழியும் பொழுதும்

1938இல் இயற்கை ஒதுக்ககமாக்கப்பட்ட வஸ்கமுவ, 1984ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. மகாவலித் திட்டத்தாற் காடிழந்த விலங்குகளுக்குப் புகலிடம் அளித்தலே அப்பிரகடனத்தின் முதன்மையான நோக்கம். ஆயின் யானைகள் பூங்காவின் எல்லைக்கோட்டை அறியா. பகலில் காட்டினுள்ளும் இரவில் வயலோரத்திலும் அவை நடமாடுகின்றன. ஆதலால் வில்கமுவவின் வீதிகள் சிலவற்றைக் காலையிலும் மாலையிலும் வேறு வேறு உயிர்கள் பயன்படுத்துகின்றன எனலாம். பகலில் பள்ளிச் சிறுவர் செல்லும் வழியே அந்தியிற் களிற்றின் வழியாகிவிடும்.

2019 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டிலும் இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட மனிதர் யானைகளால் இறந்தனர். ஒவ்வோர் ஆண்டிலும் முந்நூற்றுக்கு மேற்பட்ட யானைகளும் மாண்டன. வஸ்கமுவ எல்லையோரக் கிராமங்களிற் பணிபுரியும் இலங்கை வனசீவராசிகள் காப்புச் சங்கம் என்னும் தன்னார்வ நிறுவனம், யானைகள் விரும்பாத தோடை மரங்களைத் தோட்டங்களைச் சுற்றி நட்டு வேலியாக்கும் முறையை உழவரிடையே பரப்பியது. யானைகள் கடக்கும் வழியை ஊடறுத்துச் செல்லும் மாணவருக்கும் ஊரவருக்குமெனப் பேருந்துச் சேவை ஒன்றையும் அது ஒழுங்கு செய்தது. யானை எவ்வழியே, எப்பொழுது கடக்கும் என்பதைத் திட்டமாக அறிந்தமையாலேயே இத்தகைய ஏற்பாடுகள் கைகூடின. அவ்வறிவு ஊரவரிடம் உள்ளது. பயணியின் கைப்படத்திலோ அது இல்லை.

தேசிய பூங்காவினுள் குறிக்கப்பட்ட இடங்களன்றி வேறெங்கும் வாகனத்தைவிட்டு இறங்குதல் தடை செய்யப்பட்டுள்ளது. நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் காப்புக்காடாக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அங்கு நடப்பதற்கும் அனுமதி பெறுதல் வேண்டும். ஒரு படத்தில் இரு பாதைகளும் ஒரே புள்ளிக்கோட்டால் வரையப்பட்டிருக்க, ஒன்றில் நடத்தல் முறையாகவும் மற்றொன்றில் நடத்தல் குற்றமாகவும் அமையலாம். நக்கிள்ஸ் மலையில் வழிதவறிய குழுக்களைப் பொலிசாரும் கிராமத்தவரும் தேடி மீட்ட செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவருகின்றன. அங்ஙனம் தவறியோரிற் பலர் கையில் படமின்றிச் சென்றவரல்லர் என்பது கருதத்தக்கது.

ஆற்றுப்படை கூறும் நெறி

பத்துப்பாட்டினுள் இறுதியாக வைக்கப்பட்டுள்ள மலைபடுகடாம் 583 அடிகளாலானது. கூத்தராற்றுப்படை என்பது அதன் மறுபெயர். பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடிய இந்நூலை நம் ஆய்வாளர் பெரும்பாலும் இசைக்கருவிகள், மலைவளம், வள்ளன்மை ஆகிய கோணங்களிலேயே நோக்கியுள்ளனர். மலைவழி நடப்போனுக்கான கைந்நூலாக அதனைப் படிப்பின், அதன் திட்பம் வியப்பளிக்கின்றது.

வழியில் உள்ள இடர்களை அந்நூல் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கின்றது. பன்றிக்கென வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், புனங்காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கற்கள், வழுக்கும் பாறைகள் ஆகியவை எங்கே நேரும், அவற்றை எவ்வாறு தவிர்த்தல் வேண்டும் என்பனவெல்லாம் அங்கே கூறப்படுகின்றன. பொழுது பற்றிய அறிவுரையும் உண்டு. இருள் கவியும் வேளையில் நடவாது கற்குகையிற் புகுந்து தங்கி, விடிந்தபின் வழிக்கொள்ளுமாறு புலவர் பணிக்கின்றார். வழிகள் பிரியுமிடத்திற் புல்நுனிகளைச் சேர்த்துக் கட்டி, பின்வரும் புதியவர்க்கு அடையாளம் வைக்குமாறும் கூறுகின்றார். செல்லும் நாட்டின் பெயரை வழிப்போக்கர் அறியும்பொருட்டுக் கல்லிற் பொறித்து வைத்திருந்த செய்தியும் அதில் வருகின்றது. இன்றைய மலைவழிகளில் மரத்திற் பூசும் வண்ணக்குறிக்கும் சந்தியில் நாட்டும் பெயர்ப்பலகைக்கும் இவற்றை முன்னோடியெனக் கொள்ளுதல் தவறாகாது.

இவற்றினும் சிறந்த கூறு ஒன்றுண்டு. ஆற்றுப்படையில் வழி எப்பொழுதும் மனிதர் வழியாகவே செல்கின்றது. இன்னாருடைய சிற்றூரை அடைவீர், இன்னது சொல்லின் அவர் உம்மை ஏற்பார், இன்ன உணவு கிடைக்கும் என்றே நூல் நகர்கின்றது. புதியவன் ஒருவன் பிறர் நிலத்தினூடாகச் செல்கின்றான். அந்நிலத்தவரின் இசைவே அவனுக்குக் காப்பு. தேசப்படம் நிலத்தை மேலிருந்து நோக்குகின்றது. ஆற்றுப்படை அதனை நடப்போனின் கண்மட்டத்தில் நோக்குகின்றது. இரண்டும் ஒன்றற்கொன்று துணையாவன.

பிற நாட்டு அனுபவம்

இங்கிலாந்தின் வடமேற்கு ஏரிப் பிரதேசம் இத்துறையில் நீண்ட வரலாறு உடையது. தோமஸ் வெஸ்ற் என்பார் 1778இல் வெளியிட்ட வழிகாட்டி, ஏரிக் காட்சியை நின்று காணவேண்டிய நிலைகளைக் குறித்தது. கவிஞர் வேட்ஸ்வேத் 1810இல் முதலில் எழுதி, 1835இல் ஐந்தாம் பதிப்பு வரை விரித்த நூல், காட்சிக்கு அப்பால் அந்நிலத்தில் வாழும் உழவர், இடையர் வாழ்வையும் விளக்கியது. அல்பிரட் வெயின்றைற் 1955 முதல் 1966 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட கைவரைபட நூல்கள், ஒவ்வொரு குன்றையும் தாமே ஏறிக் கண்டு வரைந்தவை. அம்மூன்று நூல்களின் வளர்ச்சிநெறி நமக்குப் பாடமாகும்: காட்சியைக் கூறுதல், வாழ்வைக் கூறுதல், நடந்து சரிபார்த்துக் கூறுதல். வழிகாட்டி பெருகப் பெருகக் கூட்டமும் பெருகும் என்பதையும் அப்பிரதேசமே உணர்த்துகின்றது. அங்கு இருப்புப்பாதை நீடிக்கப்படுவதை 1844இல் எதிர்த்தவர், வழிகாட்டி எழுதிய அதே வேட்ஸ்வேத் ஆவார்.

இலங்கையிற் பிரித்தானியர் கால வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் இருப்புப்பாதையைச் சார்ந்தே எழுந்தன. ஹென்றி கேவ் 1908இல் வெளியிட்ட நூல் புகையிரதப் பாதைகளையே அடிப்படையாகக் கொண்டது. இருப்புப்பாதை 1880இல் மாத்தளையை அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. மலைக்குக் கிழக்கே உள்ள வில்கமுவ அவ்வழிகாட்டிகளின் உலகுக்குப் புறத்தே கிடந்தது. அண்மைக்காலத்திற் கண்டி, நுவரெலியா முதலிய மலைநாட்டுப் பகுதிகளில் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் 22 கட்டங்களாக வகுக்கப்பட்ட பீக்கோ நடைவழி, தோட்டத் தமிழரின் வாழிடங்களினூடாகச் செல்கின்றது. இத்தகைய முயற்சி மாத்தளைக் கிழக்குக்கும் நாளை வரலாம். அப்பொழுது தமிழில் ஒரு வழிநூல் ஆயத்தமாக இருத்தல் நன்று.

பெயரும் பொருளும்

தமிழில் வழிநூல் எழுதுவோர் முதலில் எதிர்நோக்கும் சிக்கல் இடப்பெயர்களைப் பற்றியது. வில்கமுவ என்பதைக் காணும் தமிழ் வாசகர் வில்லையும் அம்பையும் நினைத்தல் இயல்பு. சிங்களத்தில் ‘வில’ என்பது பொய்கை. ‘கமுவ’ என்பது ஊர். பொய்கையூர் எனப் பொருள் கொள்வதே பொருத்தமாகும். வில்பத்து என்னும் பெயரிலும், மகாவலி வெள்ளச் சமவெளியின் ஏரிகளைக் குறிக்கும் ‘வில்லு’ என்னும் வழக்கிலும் இக்கூறே உள்ளது. வஸ்கமுவ என்பதற்குக் கரடியூர் எனப் பொருள் கூறுதல் பொதுவழக்கு. கரடியைச் சிங்களத்தில் ‘வலஸா’ என்பர்.

வெவ என்பது குளம். ஓயா என்பது சிற்றாறு. எல என்பது கால்வாய். எல்ல என்பது அருவி அல்லது செங்குத்துச் சரிவு. தொட்ட என்பது ஆற்றைக் கடக்கும் துறை. கந்த என்பது மலை. பத்தன என்பது மலைப்புல்வெளி. கும்புர என்பது வயல். இவ்வெட்டுச் சொற்களை அறிந்த பயணி, படத்திலுள்ள பெயர்களைக் கொண்டே நிலத்தின் இயல்பை ஓரளவு உய்த்துணரலாம். எலவும் எல்லவும் மயங்கின் கால்வாயைத் தேடிச் சென்றவன் சரிவின் விளிம்பை அடைவான். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும் ஓரிடப் பெயர் ஒரு பலகையில் வஸ்கமுவ எனவும் வேறொன்றில் வாஸ்கமுவ எனவும் எழுதப்படுதல் இன்றும் உண்டு. இஃது எழுத்துப் பிழை என்ற அளவில் ஒழிவதன்று. இடரில் அகப்பட்ட ஒருவர் 119க்கோ 1990 நோயாளர் ஊர்திச் சேவைக்கோ தாம் நிற்கும் இடத்தைக் கூறும்போது, மறுமுனையில் இருப்பவர் அதனைச் சட்டென உணர்ந்துகொள்ளல் வேண்டும். ஆகவே தமிழ் வழிநூலில் ஒவ்வொரு பெயரும் சிங்கள ஒலிப்புக்கு இயன்றவரை நெருங்கியதாகவும், பொருள்விளக்கம் உடன் சேர்ந்ததாகவும் அமைதல் வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், வில்கமுவவுக்கான தமிழ் வழிநூல் ஒன்றில் பின்வரும் கூறுகள் இடம்பெறல் தகும். முதலாவதாக, நில அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப்படத்தை அடிப்படையாகக் கொண்ட படம். அதில் நீர்த்தேக்கங்களின் முழு நீர்மட்டமும் வறட்சிக்கால எல்லையும் தனித்தனியே குறிக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு வழிக்கும் பருவமும் பொழுதும் கூறும் அட்டவணை. யானை நடமாடும் வீதிகளில் அந்திமுதல் விடியல்வரை செல்லலாகாது என்னும் எச்சரிக்கை அதில் முதலிடம் பெறல் வேண்டும். மூன்றாவதாக, எந்த வழிக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், எதற்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்னும் விளக்கம். நான்காவதாக, பெயர்களும் பொருளும், மூழ்கிய ஊர்களின் பெயர்கள் உட்பட. ஐந்தாவதாக, ஒவ்வொரு பகுதியும் இறுதியாகச் சரிபார்க்கப்பட்ட மாதமும் ஆண்டும்.

ஊரவர் தாமே காக்க விரும்பும் ஊற்றுகளையும் வழிபாட்டிடங்களையும் படத்திற் குறிப்பதா, விடுவதா என்பதை அவர்களே முடிவு செய்தல் வேண்டும். எல்லாவற்றையும் காட்டிவிடுதல் ஒரு படத்தின் சிறப்பாகாது.

இப்பணி தனியொருவரால் முடிவதன்று. தமிழ்த்துறை மாணவரும் புவியியற்றுறை மாணவரும் சிங்களம் அறிந்த நண்பரும் ஒருங்கு சேர்ந்து, ஹெட்டிபொலவிலும் புதிய லக்கலவிலும் உள்ள முதியோரைக் கண்டு கேட்டு, வறட்சிக் காலத்தில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் அவ்வழிகளில் நடந்து பார்த்தே இதனை ஆக்கல் இயலும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இஃதும் ஒன்றாகும். வில்கமுவவைக் கடந்து செல்லும் நீரே கொட்டியாரத்துத் தமிழ் ஊர்களை அடைகின்றது. அந்நீரின் மேல்நிலத்தை முறையாக அறிந்துகொள்ளுதல் நமக்கும் உரிய கடமையே.